சாருடைய பக்கத்தில் நான் கைவைத்த வெள்ளிக்கிழமை

எங்கள் ஆபீஸில் யாரும் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கோயம்புத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடிப்படி ஏறினால் வருகிற வக்கீல் ஆபீஸ் அது. உள்ளே காலை வைத்தாலே "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வந்தாலும் அதே உபசாரம்தான். நான் மட்டும் வேறு ரகம். போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் வண்டி போகிற சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் வேண்டும் என்பதே அம்மாவுக்குக் கேட்கும். அந்தக் குரலையும் கூடவே வருகிற கோபத்தையும் வைத்துக்கொண்டு இந்த ஆபீஸில் எப்படிக் குப்பை கொட்டுகிறாய் என்று அம்மாவே கேட்பாள்.

ஆபீஸில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்தது எல்லாம் அவரவர் தலைக்குள் இருந்தது. பல்லடம் கோர்ட்டில் எந்த மனுவோடு எதை இணைக்க வேண்டும், தாராபுரத்தில் எதற்கு ரிட்டர்ன் போடுவார்கள் என்பதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ரிட்டர்ன் என்றாலே எங்களுக்குக் காய்ச்சல் வரும். தாக்கல் செய்த வழக்கில் இன்ன குறை என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சரிசெய்து எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து நிற்க வேண்டும். வாட்ஸப் குரூப்பில் கேட்டால் பதில் வரும், வராமல் இல்லை. மறுநாள் காலை வணக்கம் சொல்கிற ரோஜாப்பூக்களுக்கு அடியில் அந்தப் பதில் புதைந்துபோகும். அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்பார்.

அப்போதுதான் நான் விக்கி பைத்தியம் பிடித்து அலைந்தேன். இணையத்தில் எங்கள் ஆபீஸுக்கு மட்டும் திறக்கிற ஓர் இடம். எல்லோரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம், யார் எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். கட்சிக்காரர் விவகாரம் எதுவும் அதில் வராது, வேலை செய்கிற விதம் மட்டும்தான். எங்கள் சீனியரிடம், அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், மூச்சு விடாமல் இதைச் சொன்னேன். கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லதுங்க அம்மணி, செஞ்சுபோடுங்க" என்றார். படியில் இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை.

சாரே முதல் ஆளாக எழுத ஆரம்பித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அவருக்குத் தட்டச்சு வராது. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுவார், அது பேச்சை அப்படியே எழுத்தாக்கும். கொங்கு நாட்டில் அவர் ஏறாத கோர்ட் படி இல்லை. ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு பக்கம் பேசி முடித்தார். உடுமலைப்பேட்டை கோர்ட்டுக்கான பக்கம் இப்படித் தொடங்கும்: "காலைல நேரத்தோடயே போயிருங்க, அந்தக் காப்பிய அக்கட்டால வெய்யி கண்ணு, பாதை வழக்குன்னா சர்வே ஆபீஸ் புலப்படம் ஒண்ணு வெச்சாப் போதுமுங்க." நடுவில் காப்பி கொண்டுவந்தவரிடம் சொன்னதும் சட்டக் குறிப்போடு சேர்ந்து ஏறிவிட்டது. அதைப் படித்துப் படித்துச் சிரித்தோம். எடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

ஆபீஸே திருவிழாவாக இருந்தது. தட்டச்சு செய்கிற அக்கா முத்திரைக் கட்டணம் பற்றி ஒரு பக்கம் போட்டார். சாப்பாட்டு நேரத்தில்கூட "நீங்க இன்னிக்கு என்ன எழுதுனீங்க?" என்பதுதான் பேச்சு. ஆனால் கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. தாராபுரம் என்று தேடினால் மூன்று பக்கம் வந்தது. "தாராபுரம் கோர்ட்" சார் எழுதியது. "தாராபுரம் கோர்ட், கூடுதலாக" வேறொருவர் எழுதியது. "தாராபுரம் கோர்ட், கூடுதலுக்குக் கூடுதலாக" இன்னொருவர். சார் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை. மாற்றம் ஏதாவது தெரிந்தால் பக்கத்திலேயே தனியாக ஒரு பக்கம் திறந்து எழுதிவைத்துவிட்டு, சார் பக்கத்துக்கு அடியில் "அருமைங்க" என்று கருத்தும் போட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! என்னோடு ஒரே காலத்தில் ஆபீஸில் சேர்ந்த சக வக்கீல் ஒருவர் இருக்கிறார். உடுமலைப் பக்கத்துக்காரர். திறந்திருக்கிற கதவையும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"திருத்தறதுக்குத்தான இத வெச்சிருக்கு? தப்பு தெரிஞ்சா சார் பக்கத்துலயே மாத்த வேண்டியதுதான?"

"சாரு எழுதுனதுல நான் எப்படிங் மேடம் கைவெக்கறது? ஊட்டுக்கு விருந்து வந்த ஒறம்பரைக்குப் போட்ட எலையில கைய உட்டு உப்பு கொறையுதுன்னு சொல்ற மாதிரி இருக்காதுங்களா?"

"உப்பு கொறஞ்சா சொல்லித்தான ஆகணும்?"

"பக்கத்துல தனியா கொஞ்சம் உப்பு வெச்சுரலாமுங்க" என்றார், அவ்வளவு பணிவாக.

இவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? தலையில் அடித்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அப்படியே பல மாதம் ஓடிய பிறகு, ஒரு வியாழக்கிழமை காலை கட்சிக்காரராக ஓர் அக்கா வந்தார். உடுமலையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற வழியில் அவருக்குத் தென்னந்தோப்பு. தோப்புக்குள் போக இருப்பது ஒரே ஒரு வண்டித்தடம், அது பக்கத்துத் தோட்டத்து ஓரமாகப் போகிறது. அவர் மாமனார் காலத்திலிருந்து அதில்தான் வண்டி போகிறது, பத்திரத்திலும் தட பாத்தியம், அதாவது அந்த வழியில் போகிற உரிமை, எழுதியிருக்கிறது. இப்போது பக்கத்துத் தோட்டக்காரர் தடத்தின் குறுக்கே சுவர் கட்டப் போகிறார். போனில் வீடியோ காட்டினார். சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டது, கல் வந்து இறங்கியாகிவிட்டது.

"நாங்க போனா ஒரு டம்ளர் மோர் குடுக்காம உடமாட்டாருங்க கண்ணு, அத்தன மருவாதி. ஆனா செவுரு மட்டும் கட்டியே தீருவேங்கறாரு. திங்கக்கெழம நாள் நல்லாருக்குதாமா. பறிச்ச காயெல்லாம் தோப்புக்குள்ளயே கெடக்குது. தலச்சொமையா எத்தனைய நான் தூக்கறது, சொல்லுங்க?"

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. சுவர் எழும்புவதற்கு முன்னால் என்றால் ஒரு தடையுத்தரவு போதும். எழும்பிவிட்டால் அதை இடிக்க வைக்க எத்தனை வருடம் ஆகுமோ. சனி, ஞாயிறு கோர்ட் இல்லை. திங்கட்கிழமை விடிந்தால் கொத்தனார் வந்துவிடுவார். எங்களுக்கு இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

அன்று மாலைக்குள் வழக்கை எழுதி முடித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை சாருக்குக் கோயம்புத்தூரிலேயே ஒரு பெரிய குறுக்கு விசாரணை. உடுமலைக்கார சக வக்கீல் வியாழக்கிழமையிலிருந்தே விடுப்பு. அவர் தங்கை குழந்தைக்குச் சென்னிமலையில் முடியெடுத்துக் காதுகுத்து, தாய்மாமன் போகாமல் முடியுமா? அதனால் நான் கிளம்பினேன், அந்த அக்காவும் கூட வந்தார். காரில் போகும்போது விக்கியைத் திறந்து சாருடைய உடுமலைப் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன். நேரத்தோடு போகிறோம், புலப்படம் இருக்கிறது. "கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் பக்காவா இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன்.

கோர்ட்டில் வழக்கை வாங்கிப் பார்க்கிறவர் எங்கள் தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார். கடைசித் தாளும் முடிந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"ஏனுங் மேடம், வரைபடம் எங்கீங்க?"

"புலப்படம் இருக்கே சார்."

"அது சர்வே ஆபீஸ் படமுங்க. தடம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, அகலம் எத்தன, செவுரு எந்த எடத்துல வருதுன்னு நீங்களா ஒரு படம் போட்டு, தடத்துக்குக் கலர் அடிச்சுத் தரோணுமுங்க. இப்பல்லாம் அப்படித்தானுங்க. இல்லீன்னா ரிட்டர்ன்தான் போடோணும்."

அவர் மேல் தப்பே இல்லை. எந்த இடத்தில் தடை என்று தெரியாமல் எந்த நீதிபதி உத்தரவு போடுவார்? மத்தியானத்துக்குள் கொண்டுவந்தால் இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே தயவாகச் சொன்னார். வெளியே வந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 

மரத்தடியில் நின்று போனில் "உடுமலை" என்று தேடினேன். வரிசையாகப் பக்கங்கள் வந்தன. சாருடையதற்குக் கீழே ஒரு தலைப்பு: "உடுமலை கோர்ட், சாரு எழுதுனதுக்கு மேல ரெண்டு விசயம், தப்பா நெனைக்காதீங்க." திறந்தேன். முதல் வரியிலேயே இருந்தது, பாதை வழக்குக்குப் புலப்படம் மட்டும் போதாது, அளவுகளோடு கலர் வரைபடம் வேண்டும் என்று. மாதிரிப் படம்கூட ஒன்று போட்டிருந்தார், விடுப்பில் போயிருந்த நம் உடுமலைக்கார மகானுபாவன். பல மாதம் முன்னால் எழுதியது. யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. சாருடைய பக்கம் இருக்கும்போது வேறு பக்கத்தை யார் திறப்பார்கள்?

போனைப் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே எடுத்தார்.

"உப்ப எந்த எலையிலய்யா வெச்சீங்க?" என்று கத்தினேன். கோர்ட் வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மேடமுங்களா? கொழந்த மடியில இருக்குதுங்க, மொட்டை அடிச்சுட்டு இருக்கறாங்க..."

விஷயத்தைச் சொன்னேன்.  அவர் குரலே மாறிவிட்டது. "ஐயோ. நான்தானுங்க எழுதிப்போட்டனே... இருங்க இருங்க. அந்த மாதிரிப் படத்தை அப்படியே தெறந்து வெய்யுங்க. நான் இங்கிருந்தே மாத்தறேன். அளவு மட்டும் வாங்குங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் நான். சென்னிமலை உச்சியில் மடியில் அழுகிற குழந்தையோடு அவர். கோயம்புத்தூர் ஆபீஸில் தட்டச்சு அக்கா. மூன்று பேரும் ஒரே படத்தைத் திறந்திருந்தோம். அவர் நகர்த்துகிற கோடு என் கண் முன்னால் நகர்ந்தது. தட்டச்சு அக்கா எழுதுகிற எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. நான் தடத்துக்குச் சிவப்பு அடித்தேன்.

அளவுக்குத் தோப்பில் இருந்த தன் வீட்டுக்காரரைப் போனில் பிடித்தார் தோப்புக்கார அக்கா. அவர் அளந்து அளந்து சொல்ல, இவர் எனக்குச் சொன்னார். நடுவில் எனக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, அவரு தனியாத்தான இருக்காரு? டேப்போட அந்த முனைய யாரு புடிச்சுக்கறா?"

அவர் போனில் விசாரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "பக்கத்துத் தோட்டத்துக்காரருதான் கண்ணு. ஒத்தை ஆளா எப்படி அளப்பீங்கன்னு அவரே வந்து புடிச்சுக்கிட்டாராமா."

"எதுக்கு அளக்கறீங்கன்னு கேக்கலையா?"

"கேட்டாராமா. உங்க மேல கேசு போடறதுக்குங்கன்னு எங்கூட்டுக்காரரும் சொல்லிப்போட்டாராமா. அப்பச் சரியா அளங்கன்னு டேப்ப இழுத்துப் புடிச்சாராமா."

ஜெராக்ஸ் கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். சிரிப்பினூடே படம் அச்சாகி வந்தது, சிவப்புத் தடமும் குறுக்கே கறுப்புக் கோடாகச் சுவரும். இன்னொரு பிரதிக்காகக் காத்திருந்த நேரத்தில் சாருடைய உடுமலைப் பக்கத்தைத் திறந்தேன். "புலப்படம் ஒண்ணு வெச்சாப் போதுமுங்க" என்ற வரியை நீக்கினேன். கலர் வரைபடம் கட்டாயம் என்று எழுதி, மாதிரிப் படத்தையும் சேர்த்தேன். சேமிக்கிற பொத்தானுக்கு மேலே விரல் ஒரு கணம் நின்றது. பயமேதான். கத்துகிறவளாக இருந்தாலும் சாரிடம் நான் கத்தியதே கிடையாது. பிறகு அழுத்திவிட்டேன். சாருடைய பக்கம் மாற்றப்பட்டது என்று ஆபீஸில் எல்லோர் போனிலும் மணி அடித்திருக்கும். குரூப்பில் ஈ, காக்காய்கூட வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் வழக்குக்கு எண் கொடுத்தார்கள், நீதிபதி முன்னால் போனது. அவர் படத்தைத்தான் முதலில் எடுத்தார். சிவப்புத் தடத்தின் மேல் பேனாவை ஓட்டி, "சுவர் வரப்போவது இந்த இடமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்திரத்தில் தடம் வருகிற வரியைக் காட்டச் சொன்னார், காட்டினேன். சுவர் கட்டக் கூடாது, அடுத்த விசாரணை வரை தடம் இப்படியே இருக்க வேண்டும் என்று உத்தரவானது. அக்காவுக்கு அந்தச் சட்டத் தமிழ் புரியவில்லை. "கெடச்சிருச்சுக்கா" என்று நான் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும்தான். போத்தனூர்க்காரிக்குக் கண்ணீர் வராது என்று யார் சொன்னது?

திரும்பி வரும்போது சார் கூப்பிட்டார்.

"அம்மணி, ஆர்டர் கெடச்சுதுங்களா?"

"கெடச்சிருச்சு சார்!"

"சந்தோசமுங்க. அந்தம்மா என்ன சொன்னாங்க?"

சொன்னேன். டேப் கதையையும் சொன்னேன். வழக்கமாக இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறவர், அன்று சிரிக்கவில்லை. "என்ற பக்கத்துல கைவெச்சிருக்கறீங்க, பாத்தேனுங்க" என்றார்.  "திங்கக்கெழம எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க, நான் வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். சனியும் ஞாயிறும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மொட்டைக் குழந்தையின் தாய்மாமன் கடைசி நாற்காலியில், கண்ணை நிமிர்த்தாமல். சார் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து உடுமலை அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். சாரிடம் நீட்டினேன். தேங்காய் ஏற்றிய வண்டி தடத்தில் வருகிறது. சுவருக்கு வாங்கிய கல் ஓரத்தில் அடுக்கியிருக்கிறது. கோர்ட் உத்தரவைக் கையில் வாங்கிய அதே பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நின்று, "வரட்டுங்க, வரட்டுங்க, இன்னுங் கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க" என்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சார் அதை இரண்டு முறை பார்த்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"செவுரு கட்டறேன்னு நின்ன மனுசன், நம்ம ஆளுக்கு டேப்பப் புடிச்சுக் குடுத்திருக்கறாரு" என்றார் மெதுவாக. "நீங்கெல்லாம் எனக்கு வேண்டியவங்க. உடுமலப் பக்கம் தப்புன்னு இத்தன மாசமா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்கு அந்த முனைய ஒருத்தரும் புடிக்கலியேங்க."

  திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கடைசி நாற்காலியில் இருந்த உடுமலைக்கார சக வக்கீல் எழுந்து நின்றார்.

"பல்லடம் பக்கத்துலயும் ஒண்ணு இருக்குதுங் சார்" என்றார்.

"வேற?"

"தாராபுரத்துல ரெண்டுங்க." இது தட்டச்சு அக்கா.

"வேற?"

ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்தது. மடை திறந்துவிட்டது போல் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். எங்கள் ஆபீஸில், என் காதாரக் கேட்டேன், "இல்லீங்க, அது அப்படி இல்லீங்க!" என்று குரல் உயர்ந்தது. எனக்கு எழுந்து விசிலடிக்க வேண்டும் போல் இருந்தது.

சார் அந்தத் தாய்மாமனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். உடுமலைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தான் பேசியதை அன்றுதான் முதன்முதலாக எழுத்தில் படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"இந்தக் காப்பி எதுக்குங்க இங்க இருக்குது?"

"அன்னிக்குக் காப்பி கொண்டுவந்தவர்கிட்ட நீங்க சொன்னது சார்" என்றேன்.

"இதக்கூட யாரும் எடுக்கலீங்களா?" என்று எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் விசைப்பலகையைச் சக வக்கீல் பக்கம் தள்ளி வைத்தார். "எடுங்க" என்றார்.

சக வக்கீல் கையை மடியிலிருந்து எடுக்காமல் சாரைப் பார்த்தார்.

"அட, எடுங்க கண்ணு. எழுத்துத்தான அழியுது, நான் இங்கயேதான உக்காந்திருக்கறேன்."

அவர் அந்த வரியை அழித்தார்.